மூன்று கிலோ நானூறு

அத்தியாயம் 6

பைக்குள் இருந்தது லேப்டாப் இல்லை. இரும்பு.

கெசியா அதை இன்னொரு முறை பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபத்து நான்கு வயது. ஆம்பூரில் தோல் பைகள் ஏற்றுமதி செய்யும் கஃபார் லெதர் குட்ஸில், கம்ப்யூட்டரில் பை டிசைன் வரைபவள். காலை ஆறு பத்து ரயிலில் சென்னைக்குக் கிளம்பியவள், காட்பாடியில் இறங்கிவிட்டாள். ஆட்டோ பிடித்து சத்துவாச்சாரிக்கு வந்து, ஜெபகனியின் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஜெபகனி கதவைத் திறக்க வந்தபோது மணி ஏழு நாற்பது.

இருவரும் ஒரே சர்ச். ஞாயிற்றுக்கிழமைகளில் தலையாட்டிக்கொள்வதோடு சரி.

"அழறத அப்புறம் வெச்சிக்கலாம். எப்ப தெறந்து பாத்த?" என்றாள் ஜெபகனி.

"காட்பாடிக்கு முன்னாடி. சார்ஜர் எடுத்து வெச்சேனான்னு திடீர்னு சந்தேகம் வந்துச்சிக்கா."

ஜெபகனி பதினோரு வருடம் இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவரிடம் வேலை பார்த்தவள். லாரியிலும் ரயிலிலும் உடைந்து வந்த சரக்கைப் பிரித்துப் பார்த்து, தப்பு அனுப்பியவருடையதா, ஏற்றியவருடையதா என்று எழுதுவது வேலை. மனுஷன் சொல்வதைக் கேட்பதற்கு முன் பெட்டியைக் கேட்க வேண்டும் என்பது அங்கே படிந்த பழக்கம். இப்போது ஜெராக்ஸ் கடைக்கு மேலே சொந்தத் துப்பறியும் அலுவலகம். இரண்டு நாற்காலி. அதனால் உதவியாளன் தௌசீப் அகமது எப்போதும் ஜன்னல் கட்டையில்தான் உட்காருவான். வாணியம்பாடிக்காரன். பி.காம். கடைசிப் பரீட்சையை மூன்று முறை எழுதி, நான்காம் முறை ஹால் டிக்கெட்டைத் தொலைத்தவன்.

"சென்னையில யார பாக்கணும்?"

"ஜெர்மன்காரர் ஒருத்தர். எங்க சரக்க வாங்கற பையர். சாயந்தரம் ஆறு மணிக்கு ஓட்டல்லருந்து ஏர்போர்ட் கெளம்பிடுவார். அதுக்குள்ள பதினெட்டு டிசைனையும் காட்டணும். நாலு மாச வேலைக்கா."

"காப்பி எங்க இருக்கு?"

"இல்ல."

"ஒரு ஃப்ளாப்பி? ஒரு சி.டி.?"

"ஒண்ணுமே இல்ல. போன மாசம் எங்ககூட இருந்த அபினேஷ் டிசைனை எல்லாம் ஃப்ளாப்பில போட்டு எடுத்துட்டு வேற கம்பெனிக்குப் போய்ட்டான். அதுலருந்து காப்பியே எடுக்கக் கூடாதுன்னு கஃபார் பாய் சொல்ட்டார். கூரியர்லயும் அனுப்ப வேணாம், குலுங்கி ஒடஞ்சிடும், நீயே மடியில வெச்சி எடுத்துட்டுப் போன்னார்." மூக்கைத் துடைத்தாள். "'என் முழுப் பொறுப்பு'ன்னு நோட்டுல கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"பாய்க்கு ஃபோன் பண்ணியா?"

"அபினேஷ் வீட்டுக்குப் போலீஸ் வந்தப்ப நான் அந்தத் தெருவுல நின்னேன்க்கா. பீரோவத் தூக்கி ரோட்ல வெச்சித் தேடினாங்க. அவங்க அக்கா கல்யாணத்துக்கு எடுத்த பொடவையெல்லாம் மண்ணுல. தெருவே பாத்துச்சி. இப்ப எங்க வீட்டுக்கு வருவாங்க. அம்மா நைட் டூட்டி முடிச்சிட்டு இப்பதான் படுத்திருப்பாங்க." நிறுத்தினாள். "பிளாட்ஃபாரம் ஓரத்துல ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம்தான் உங்க ஞாபகம் வந்துச்சி."

தௌசீப் ஜன்னல் கட்டையிலிருந்து இறங்கினான். இந்த மாதிரிச் சமயத்தில் அவனுக்கு உட்காரத் தெரியாது.

ஜெபகனி பையைத் தன் பக்கம் இழுத்தாள். தேன் நிறத் தோல். தடித்த கைப்பிடி. கஃபார் கம்பெனியின் புது மாடல். "ஜெர்மன்காரர் உன் கையில எங்க பையையும் பாக்கணும்" என்று முதலாளியே கொடுத்தது. ஜிப்பில் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளைப் பூட்டு.

"பூட்டு ஒடையல."

"இல்ல. சாவி என் கழுத்து செயின்லதான் இருக்கு. ஒரே சாவி."

"இத அப்படியே போலீஸ்ல சொன்னா அவங்களுக்கு வேற யாரையும் தேடற பேஜாரே இல்ல," என்றான் தௌசீப்.

"தௌசீப், கீழ தக்காளி வண்டி நிக்குதா பாரு."

"நிக்குது மேடம். ரசம் வெக்கப் போறீங்களா?"

"இந்த இரும்ப எடை போட்டுட்டு வா."

அவன் மூன்று நிமிடத்தில் திரும்பி வந்தான். மூன்று கிலோ நானூறு. கெசியா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லேப்டாப்பும் சார்ஜரும் சேத்து அவ்ளோதான்க்கா. கரெக்டா அவ்ளோதான்."

ஜெபகனி இரும்பை மேஜையில் பரப்பினாள். பைக்குள் நடுவில் இருந்தது ஒரு அகலத் தகடு. சார்ஜர் வைக்கும் பக்க அறையில் இருந்தது ஒரு சின்னக் கட்டை. இரண்டுக்கும் மெல்லிய தோலில் அளவாக உறை தைத்திருந்தது. உறையைக் கழற்றி, தகட்டின் நான்கு மூலைகளையும் விரலால் தடவினாள். நான்கும் மழுங்க ராவப்பட்டிருந்தன.

"நான் பாத்த திருட்டுப் பார்சல்ல செங்கல் இருக்கும். மணல் இருக்கும். ஒரு வாட்டி பூசணிக்கா இருந்துச்சி. ஆனா இதுவரைக்கும் எவனும் செங்கல்லுக்குச் சட்ட தெச்சதில்ல."

"பாசக்காரத் திருடன்," என்றான் தௌசீப்.

ஜெபகனி சிரிக்கவில்லை. "கெசியா, நேத்து சாயந்தரம் லேப்டாப்ப அணச்சியா, இல்ல சும்மா மூடினியா?"

கெசியா யோசித்தாள். "ஞாபகம் இல்லக்கா. பாய் கூப்ட்டாரு. அவசரமா மூடி உள்ள வெச்சேன். அணச்சேனான்னு… ஏன்க்கா?"

"அப்புறம் சொல்றேன். கார எடு தௌசீப்."

ஃபியட் சாலைக்கு ஏறியபோது எட்டு பத்து.

பள்ளிகொண்டா தாண்டியாகிவிட்டது. வலது பக்கம் பாலாறு வெறும் மணலாகக் கூடவே வந்தது. கெசியா பின்சீட்டில் அந்தப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உள்ளே இரும்புதான் என்று தெரிந்தும் விடவில்லை.

"ராத்திரி லேப்டாப் எங்க இருந்துச்சி?" என்று கேட்டாள் ஜெபகனி.

"சாம்பிள் ரூம் அலமாரில. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. நேத்து ஆறு மணிக்குப் பையில போட்டுப் பூட்டி, நடுத்தட்டுல வெச்சிட்டுப் போனேன். காலைல அஞ்சரைக்கு வாட்ச்மேன் ரூமத் தெறந்து விட்டாரு. கரண்ட் இல்ல. டார்ச் அடிச்சாரு. நடுத்தட்டுல முன்னாடி இருந்த பைய எடுத்துட்டேன்."

"உள்ள பாக்கல."

"தூக்கிப் பாத்தேன். கனம் சரியா இருந்துச்சி. வாட்ச்மேன் முன்னாடி தெறக்கக் கூடாதுன்னு…"

"இந்த ஊர்க்காரங்க எல்லாமே இப்படித்தான் மேடம். பைய வெளியிலருந்து தடவிப் பாத்தே எந்த ஆட்டுத் தோல்னு சொல்லுவாங்க. உள்ள இன்னா இருக்குன்னு மட்டும் பாக்க மாட்டாங்க," என்றான் தௌசீப்.

கெசியாவுக்குக் கோபம்கூட வரவில்லை. "ஸ்டேஷன்ல அபினேஷ் நின்னான்க்கா. என்னப் பாத்து சிரிச்சான். அவன்தான். அவனாத்தான் இருக்கணும்."

"பிளாட்ஃபாரத்துல நின்னவனுக்கு உன் லேப்டாப் எத்தன கிராம்னு எப்படித் தெரியும்?"

கெசியா மடியில் இருந்த பையைக் குனிந்து பார்த்தாள்.

"மூலைய ஏன் ராவணும்? கூர் மூலை பையோட உள்துணியக் கிழிச்சிடும். ஏன் உறை தைக்கணும்? தோல்ல துரு படக் கூடாது. பக்க அறையில ஏன் தனியா ஒரு கட்ட? பை ஒரு பக்கமா சாயக் கூடாது. இத வெச்ச ஆளுக்கு லேப்டாப் மேல ஒரு அக்கறையும் இல்ல. அக்கறையெல்லாம் பை மேலதான்."

"அப்ப பையத் திருடியிருக்கணும். அது இங்க இருக்கு," என்றான் தௌசீப்.

"அதுதான் எனக்கும் இடிக்குது. ஆம்பூர்ல தகடு வெட்டற பட்டறை எத்தன?"

"எனக்குத் தெரிஞ்சி மூணு. மூணாவதுல எங்க மச்சானுக்குக் கடன் பாக்கி. அத கடைசியா பாக்கலாம்."

முதல் பட்டறைக்காரர் தகட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரண்டாவது பட்டறை பூட்டியிருந்தது. மூன்றாவது, பைபாஸை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்த ஜேக்கப், தகட்டை வாங்கிய உடனே சொன்னார்.

"இது நம்ம வேலைதான். மூலைய இப்படி உருட்டறதுக்குள்ள கை விட்டுப் போச்சி. நேத்து சாயந்தரம் டெலிவரி."

"யாருக்கு?"

"கஃபார் பாய் கம்பெனி. சாம்பிள் ரூம் குர்ஷித் பாய் வந்து வாங்கினாரு. எடை ஒரு கிராம் ஏறக் கூடாதாம், எறங்கக் கூடாதாம். மூணு வாட்டி திருப்பி அனுப்பினாரு மனுஷன்."

கெசியா அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டாள். இரும்புத் தூள் அவள் புடவையில் ஒட்டியது.

"குர்ஷித் பாயா? அவர்தான்க்கா என்னை வேலைக்குச் சேத்தாரு. அம்மாகிட்ட வந்து, எங்க வீட்டுப் பொண்ணு மாதிரின்னு சொன்னாரு."

"அளவு வாயால சொன்னாரா, எழுதிக் குடுத்தாரா?" என்று ஜெபகனி ஜேக்கப்பைக் கேட்டாள்.

"எழுதித்தான்." தூணில் அடித்திருந்த ஆணியில் சீட்டுகள் குத்தியிருந்தன. ஜேக்கப் மேலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார்.

கட்டம் போட்ட தாளில் பாதி. நீலப் பேனா. நீளம், அகலம், கடைசியில் எடை: 3.400. மூன்றும் அழகாக, ஒரே சீராக.

ஜெபகனி அதைக் கெசியாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது யார் எழுத்து?"

கெசியா பார்த்தாள். சீட்டைக் கையில் வாங்கி இன்னொரு முறை பார்த்தாள்.

"என்னோடது."

பட்டறையில் கிரைண்டர் நின்றது. தௌசீப் தன்னை அறியாமல் ஒரு அடி பின்னால் போனான். ஜேக்கப் கண்ணாடியைக் கழற்றினார். சாவி அவளிடம். கையெழுத்து அவளுடையது. எடையும் அவள் சொன்னது.

"சத்தியமா நான் எதுவும் பண்ணல," என்றாள் கெசியா. "இத ஏன் எழுதினேன்… குர்ஷித் பாய் கேட்டாரு. போன வாரம். லேப்டாப்போட அளவு இன்னா, எடை இன்னான்னு."

"எதுக்குக் கேட்டாரு?"

"டெஸ்டுக்கு. இதுக்கு முன்னாடியெல்லாம் பைக்குள்ள மணல் மூட்ட போட்டுத்தான் கைப்பிடி டெஸ்ட் பண்ணுவாங்க. இது லேப்டாப் பை, லேப்டாப் மாதிரியே கனம் வெச்சிப் பண்ணுன்னு ஜெர்மன்காரர் எழுதியிருந்தாரு. நான் இந்த இரும்பப் பாத்ததே இல்ல. நேத்து நான் போன அப்புறம் வந்திருக்கும்."

அவளே தான் சொன்னதைக் காதால் கேட்டாள். எழுந்து நின்றாள்.

"டெஸ்ட் பை எங்க வெப்பாங்க?" என்று ஜெபகனி மெதுவாகக் கேட்டாள்.

"அதே அலமாரி. அதே மாடல். பூட்டோட."

"பூட்டு எங்க வாங்கறீங்க?"

"டஜன் டஜனா வரும்…" கெசியா கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு டஜன் பூட்டுக்கும் ஒரே சாவிதான்க்கா. எனக்குத் தோணவே இல்ல."

"உன் பைக்கு முன்னாடி அவர் தன் பைய வெச்சிட்டுப் போயிருக்காரு. நீ முன்னாடி இருந்தத எடுத்த. பின்னாடி இருந்தத அவங்க எடுத்திருப்பாங்க. கைப்பிடி டெஸ்ட்னா இன்னா பண்ணுவாங்க?"

"பையக் கொக்கில மாட்டி மெஷின் தூக்கும். தூக்கி, விடும். தூக்கி, விடும். நிமிஷத்துக்கு முப்பது வாட்டி. மொத்தம் அஞ்சாயிரம்."

"எப்ப ஆரம்பிப்பாங்க?"

"எட்டே கால்."

தௌசீப் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பது நாற்பத்தைந்து. அவன் வாயிலிருந்து ஒரு ஜோக்கும் வரவில்லை.

ஜேக்கப்பின் ஃபோனில் கெசியா கம்பெனி எண்ணைச் சுற்றினாள். எங்கேஜ். மறுபடி சுற்றினாள். எங்கேஜ்.

"பாய் சென்னைக்குப் பேசிட்டிருப்பாரு. பொண்ணு கெளம்பிட்டா, லேப்டாப் வந்துட்டே இருக்குன்னு," என்றாள். பிறகு காரை நோக்கி ஓடினாள்.

லெவல் கிராசிங்கில் கேட் போட்டிருந்தது. சரக்கு ரயில். ஒவ்வொரு பெட்டியாகப் போனது. நிமிஷத்துக்கு முப்பது. கெசியா உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

டெஸ்ட் ரூம் வாசலுக்கு வரும்போதே சத்தம் கேட்டது. தடக். ஒரு மூச்சு விடும் இடைவெளி. தடக்.

இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே தேன் நிறப் பை தொங்கிக்கொண்டிருந்தது. மேலே போனது. விழுந்தது. கைப்பிடி இழுபட்டு நின்றது. மேலே போனது. பக்கத்தில் ஸ்டூலில், டெஸ்ட் மெஷினை ஓட்டும் சுந்தரி உட்கார்ந்து படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். குர்ஷித் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மகள் நடனத்தைப் பார்க்கும் தகப்பன் மாதிரி நின்றிருந்தார்.

"அரே கெசியா! ரயில விட்டுட்டியா? இங்க வந்து பாரு. மூவாயிரம் தாண்டிடுச்சி. ஒரு நூல் பிரியல. என் பைய…"

கெசியாவுக்குக் கத்த வரவில்லை. நேரே போய், மேலே போய்க்கொண்டிருந்த பையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். மெஷின் அவளையும் சேர்த்து இழுத்துப் பார்த்தது. முனகியது. சுந்தரி பாய்ந்து ஸ்விட்சை அணைத்தாள். எண் காட்டும் பெட்டியில் 3019 நின்றது.

"பைத்தியமா உனக்கு?" என்றார் குர்ஷித்.

"எடை போட்டுத்தான மாட்டின?" என்று சுந்தரியிடம் கேட்டாள் ஜெபகனி.

"ஆமா. பையோட எடை போக மூணு கிலோ நானூறு. கரெக்டா இருந்துச்சி."

"அதுதான் தப்பு."

கெசியா கழுத்துச் சாவியால் பூட்டைத் திறந்தாள். குர்ஷித் எட்டிப் பார்த்தார். பையின் வாய்க்குள் தெரிந்தது கறுப்பு மூடி. அவர் கை தானாகத் தாடியைப் பிடித்தது. "யா அல்லா," என்றார்.

வாசலில் செருப்புச் சத்தம். அப்துல் கஃபார் நின்றிருந்தார். வெள்ளை ஜிப்பா, கையில் ஃபோன் நம்பர் எழுதிய சீட்டு. சென்னைக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டிய பெண் ஆம்பூரில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். நாலு மாச வேலை மெஷினுக்கு அடியில் கிடக்கிறது.

"கூரியர்ல போட்டா குலுங்கும்னுதான உன் மடியில குடுத்தேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"தப்பு என்னோடதுதான் பாய். உள்ள பாக்காம எடுத்துட்டேன்," என்றாள் கெசியா.

லேப்டாப்பைத் திறந்தார்கள். திரை மூலையிலிருந்து மூலைக்குச் சிலந்தி வலையாகப் பிளந்திருந்தது. சார்ஜர் பக்க அறையிலிருந்து ஒவ்வொரு முறையும் மூடியில் இடித்திருக்கிறது. கெசியா பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள்.

"தொடாதே. திரை போனா போகட்டும். டிசைன் திரையில இல்ல. வேற மானிட்டர் இருக்கா?" என்றாள் ஜெபகனி.

"என் ரூம்ல இருக்கு. பதினஞ்சு இஞ்சு."

கம்ப்யூட்டர் ரூமில் லேப்டாப்பைத் துணி விரித்த மேஜையில் வைத்தார்கள். ஜெபகனி அதை மெல்லச் சாய்த்து, காதை வைத்துக் கேட்டாள். உள்ளே எதுவும் உருளவில்லை. மானிட்டர் வயரைச் செருகினாள். சார்ஜரைச் செருகினாள். அதற்கப்புறம்தான் கெசியாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பொத்தான். சின்ன விசிறி சுழன்றது. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. பிறகு நீலமாக மாறியது.

'முறையாக அணைக்கப்படவில்லை. டிஸ்க்கைச் சோதிக்கிறது,' என்று ஆங்கிலத்தில் வெள்ளை எழுத்து. அடியில் ஒரு மஞ்சள் கோடு. ஏழு சதவீதம்.

"அணைக்கல," என்றாள் கெசியா. "நான் அணைக்கவே இல்ல. ஓடிட்டிருந்ததையா…"

"பாத்துட்டே இரு."

பதினெட்டு. முப்பத்தொன்று. முப்பத்தொன்றிலேயே நின்றது. கஃபார் தஸ்பீ மணியை உருட்ட ஆரம்பித்தார். கெசியாவின் உதடும் அசைந்தது. ஒரே மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்று இரண்டு பேரும் ஒரே கோட்டைப் பார்த்தார்கள். தையல் ஹாலில் நூற்று நாற்பது மெஷின்களின் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. முப்பத்தொன்று.

"நகருடா," என்றான் தௌசீப், மாட்டைச் சொல்வது போல.

நாற்பது. அறுபத்தாறு. தொண்ணூறு. திரை ஒரு நொடி இருண்டது. ஒரு சின்ன இசை ஒலித்தது. கெசியா கோப்பைத் திறந்தாள். முதல் டிசைன் வந்தது. இரண்டாவது. எண்ணிக்கொண்டே போனாள். பதினெட்டாவது பையின் கைப்பிடி திரையில் வளைந்து வந்து முழுமையானபோது, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"சத்துவாச்சாரியிலயே ஏன் கேட்டேன் தெரியுமா?" என்றாள் ஜெபகனி. "டிஸ்க் சுத்திட்டிருக்கும்போது ஒரே ஒரு இடி போதும், மொத்தமும் போய்டும். நின்னுட்டிருந்தா எவ்வளவோ தாங்கும். நீ அணைக்காம மூடின. அது ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் பேட்டரி தீந்து தானா செத்திருக்கும். காலையில மெஷின்ல மாட்டறப்ப தூங்கிட்டிருந்துச்சி."

"எங்க மச்சான் மாதிரி. கடன்காரன் கதவத் தட்டறப்ப எல்லாம் தூங்கிட்டிருப்பான்," என்றான் தௌசீப்.

கெசியா தலையை நிமிர்த்தினாள்.

மணி பத்து முப்பத்தைந்து. காரில் போனால் மூன்றரைக்குள் சென்னை. திரை உடைந்த லேப்டாப்போடு மானிட்டரும் போக வேண்டும். தௌசீப் அதைப் பின்சீட்டில் மெத்தை வைத்து ஏற்றினான். "என் வாழ்க்கையிலயே இவ்ளோ கனமான மாப்பிள்ளையை நான் ஊர்வலம் கூட்டிட்டுப் போனதில்ல," என்றான்.

சுந்தரி தயங்கித் தயங்கி வந்தாள். கையில் டெஸ்ட் படிவம். ஜெர்மன்காரருக்குக் கொடுக்க வேண்டியது.

"பாய், இதுல 'சுமை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. இரும்புத் தகடுன்னு காலைலயே எழுதிட்டேன். அஞ்சாயிரமும் முடியல. இன்னா பண்றது?"

குர்ஷித் கஃபாரைப் பார்த்தார். "வேற பை மாட்டி மறுபடி ஓட்டலாம். இது ஒண்ணும் வெளிய தெரிய வேணாம்."

கெசியா படிவத்தை வாங்கினாள். 'இரும்புத் தகடு' என்பதை அடித்தாள். அதே நீலப் பேனா, அதே சீரான எழுத்து. 'சுமை: லேப்டாப் கம்ப்யூட்டர், ஒன்று. தவறுதலாக மாட்டப்பட்டது. 3019 முறை. தையல் பிரியவில்லை. கைப்பிடி அறவில்லை. திரை உடைந்தது. டிசைன்கள் பத்திரம்.' கீழே பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கஃபார் அதை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து படித்தார். மறுபடி படித்தார். மடித்து, லேப்டாப் இருந்த தேன் நிறப் பைக்குள் வைத்தார்.

"பொறுப்பு நோட்டக் கொண்டாங்க," என்றார்.

கெசியாவுக்குத் தெரியும். அபினேஷ் கணக்கை முடித்ததும் அந்த நோட்டில்தான். பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு. அதற்கப்புறம்தான் போலீஸ்.

நோட்டு வந்தது. அவர் அவள் பெயரைத் தேடிப் பிடித்தார். ஜிப்பாப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'திரும்ப வந்த நேரம்' என்ற கட்டத்தில் பத்து நாற்பது என்று எழுதினார். அடுத்த வரியில் 'வெளியே போகும் நேரம்' என்ற கட்டத்திலும் பத்து நாற்பது என்று எழுதி, நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"போடு."

அவள் போட்டாள். 'என் முழுப் பொறுப்பு.'

பையை வாங்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தவளை, மகளை உருதுவில் கூப்பிடுவது போலக் கஃபார் கூப்பிட்டார்.

"பேட்டி. தெறந்து பாத்துட்டுப் போ."

எல்லார் முன்னாலும், வாட்ச்மேன் முன்னாலும், கெசியா பையைத் தரையில் வைத்துத் திறந்து, உள்ளே பார்த்து, பூட்டினாள்.